ஏழாம் எண்ணுக்கு நேரே

முதலாவது, 1971: பஞ்சு மூட்டையைப் பிரித்து அடித்து உதறும் புளோ ரூமில் மூக்குத்துணி கேட்ட பதினெட்டுப் பேருக்கு ஆளுக்கொரு வெல்ல உருண்டையைக் கொடுத்து, இதைத் தின்றால் தூசி கீழே இறங்கிவிடும் என்று சொன்னது, சொன்னவர் சூப்பர்வைசர் நரசிம்மலு. இரண்டாவது, 1974: தூசி இழுக்கும் விசிறியை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் மாட்டி, அவர் போன மறுநாள் கழற்றியது, கழற்றச் சொன்னவர் மானேஜர் துரைராஜ். மூன்றாவது, 1978: பீடியைக் கையால் தொடாதவனுக்கும் இருமல் சீட்டில் பீடி என்று எழுதியது, எழுதியவர் மில் டாக்டர் பத்மநாபன். நான்காவது, 1983: நெஞ்சு சரியில்லாதவர்கள் லீவு எடுத்துக்கொள்ளலாம், பெயர் நீக்கப்படாது என்று மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, நம்பி லீவு எடுத்த நாற்பத்தோரு பேரின் பெயரையும் நீக்கியது, கையெழுத்துப் போட்டவர் ஆபீசர் சந்தானம். ஐந்தாவது, 1991: மில்லை மூடியபோது டிஸ்பென்சரியில் இருந்த எக்ஸ்ரே படங்களை, அதில் ஒட்டியிருக்கிற வெள்ளிக்காகப் பழைய சாமான்காரனுக்கு நிறுத்துப் போட்டது; போட்டவர் ஸ்டோர் கீப்பர் மாணிக்கவாசகம். ஆறாவது, 2004: மருத்துவ போர்டு முன்னால் நின்றவர்களிடம் பழைய எக்ஸ்ரே எங்கே என்று கேட்டு, இல்லை என்றதும் புகைப்பழக்கத்தால் வந்த நோய் என்று எழுதி முடித்தது, போர்டுத் தலைவர் டாக்டர் ஹரிகிருஷ்ணன். ஏழாவது, இந்த வருஷம் ஐப்பசி: ஆறுச்சாமியின் சாவு. அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டுப் பெயருக்கு இடம் விட்டிருந்தார் சென்னியப்பன். நாலாக மடித்த அந்தத் தாள் சட்டைப்பையில், வியர்வையில் கொஞ்சம் ஊறி, இடது மார்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அரசாங்க நெஞ்சு ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தாவில், தரையில் வைத்த மஞ்சள் கூம்புக்குப் பக்கத்தில், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிக்கொண்டு, நடக்கச் சொல்லட்டும் என்று நின்றிருந்தார்.

“ஐயா, காய்ச்சல் இருக்கா? சளி நிறம் மாறியிருக்கா?” என்று கேட்டாள் மெர்லின் கிருபா. பயிற்சி கொடுக்கிற பெண். தூத்துக்குடிப் பக்கம், இருபத்தாறு வயது, ஒப்பந்த வேலை. எட்டு வாரமாக வாரம் மூன்று நாள் அதே இரண்டு கேள்வி. “இல்லீங்,” என்றார். “ஆறு நிமிஷம். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நடக்கணும். ஓடக் கூடாது. பேசக் கூடாது. முடியலைன்னா நிக்கலாம், ஆனா நேரம் ஓடிட்டேதான் இருக்கும். சரியாய்யா? நடங்க.” நடந்தார். இந்தக் கூம்பிலிருந்து அந்தக் கூம்புக்கு முப்பது மீட்டர். போய்த் திரும்பினால் அறுபது. சுவரில் தோள் உயரத்துக்குப் பச்சை பெயிண்ட், அதற்கு மேல் வெள்ளை. ஃபினாயில் வாசம். பேசக் கூடாதாம். ஐம்பது வருஷம் சங்கத்தில் பேசிப் பிழைத்தவனை, இல்லை, பேசிக் கெட்டவனை, பேசாமல் நட என்கிறாள் நேற்றுப் பிறந்தவள். வராந்தாவின் இடது பக்கம் நீள பெஞ்சில் பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், காலை பேட்ச், மதியம் பேட்ச் இரண்டும். இன்று கடைசி நாள், சோதனை முடிந்ததும் டாக்டர் இளவழகன் வந்து சர்ட்டிபிகேட் கொடுப்பார், ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பார்கள். பெஞ்சின் கோடியில், நோயாளி இல்லாத ஒரே ஆள், மயிலாத்தா. ஆறுச்சாமி பெண்டாட்டி. ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிடவில்லை, சென்னியப்பன்தான் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து நாளைக்கு முன்னால், காரியம் முடிந்த அன்று, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருந்தார்: “அழுவாத அம்மிணி. கடைசி நாளு எல்லார்த்தையும் வெச்சுக்கிட்டு, யாரால போனான்னு பேரப் படிச்சுப் போடறேன்.” அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டில் பெயர் வாசிப்பது என்றால் என்ன என்று மில் குடியிருப்பில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். ஷிப்ட் மாறுகிற நேரம். முதல் ஷிப்டிலிருந்து ஒருத்தன், இரண்டாம் ஷிப்டிலிருந்து ஒருத்தன், இரண்டு பக்கமும் சாட்சிக்கு வந்து நிற்பார்கள். அநியாயங்களை வருஷ வரிசையில் வாசிக்க வேண்டும், ஒன்றைக்கூட முன்பின் மாற்றக் கூடாது. மாற்றினால் மானேஜ்மெண்ட் பொய் என்று சொல்லிவிடும். கடைசியில் பெயர். அப்பன் பெயர், டிபார்ட்மெண்ட், ஆள் பெயர். யாரும் கை தட்டக் கூடாது. அப்படியே கலைந்து போக வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெயர்க்காரனுக்கு டீக்கடையில் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். சூப்பர்வைசர் நரசிம்மலு தன் பெண்ணின் கல்யாணத்தைச் சொந்த ஊரில் போய் வைத்துக்கொண்டார். “நல்லாப் போறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு,” என்றாள் மெர்லின். கையில் கெடிகாரம், அட்டையில் ஒரு கோடு. இந்தக் குரலும் அட்டையில் எழுதி வைத்த குரல்தான். நிமிஷத்துக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று சட்டம். யார் போட்ட சட்டமோ.

மெர்லின் கிருபா. தகப்பன் பெயர்கூடக் கேட்டு வைத்தாயிற்று, ஞானதுரை. ஞானதுரை மகள் மெர்லின் கிருபா, பயிற்சிப் பிரிவு. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. தடங்கலில்லை. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிற ஆறுச்சாமியைப் பயிற்சிச் சைக்கிளில் ஏற்றி இருபது நிமிஷம் மிதிக்க வைத்தது யார்? அவள். பதினோராம் நாள் அவன் செத்தான். அவன் பெயருக்கு நேரே ரிஜிஸ்டரில் ‘பாதியில் நின்றவர்’ என்று எழுதியது யார்? அவள். பாதியில் நின்றவராம். பஸ் பாதியில் நின்ற மாதிரி. கேட்டதற்கு, “ஐயா, ஃபாரத்துல முடித்தவர், பாதியில் நின்றவர்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு, நான் என்ன செய்யட்டும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மில் டாக்டரின் சீட்டிலும் இரண்டு கட்டம்தான் இருந்தது. ஆஸ்துமா, பீடி. கட்டத்துக்குள் அடங்காத மனிதர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் சென்னியப்பன். கூம்பு வந்துவிட்டது. திரும்பு. திரும்பும்போதுதான் தலை சுற்றும், சுவரைப் பார்க்காமல் தரையைப் பார். மூச்சை மூக்கால் இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, மெதுவாக விடு. அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு மற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது துண்டறிக்கைகள். ஒரு பைசா நோட்டீஸ் முதல் ஒரு ரூபாய்ப் புத்தகம் வரை, அச்சில் வந்த எதையும் அவர் கீழே போட்டதில்லை. உபரி, உழைப்பு, நுரையீரல், எல்லாம் அச்சில் படித்த சொற்கள். மூச்சு விட மட்டும் எழுபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணிடம் படிக்க வேண்டியிருந்தது. அது ஒரு எரிச்சல். அந்த எரிச்சல் போதாதா ஒரு பெயரை எழுத? போதாது. எரிச்சலுக்காகப் பெயர் வாசித்ததில்லை. இதுவரை ஒன்றுகூடத் தப்பான பெயர் இல்லை. ஆறு பெயர், ஆறும் சரி. அந்தக் கர்வம் ஒன்றுதான் கையில் மிச்சம். வீடில்லை, சங்கம் இரண்டாகி நாலாகிக் கட்டிடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டாயிற்று, கொடிக்கம்பத்தில் கேபிள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சென்னியப்பன் வாசித்த பெயர் தப்பு என்று எவனும் சொன்னதில்லை. அதைவிட, சென்னியப்பன் என்கிற பெயரைக் கேட்டில் எவனும் வாசித்ததில்லை. மானேஜ்மெண்டிடம் ஒரு கப் காபி வாங்கிக் குடிக்காத வாய். அந்த வாய். அந்த வாய் என்ன சொன்னது என்று, வேண்டாம், நட. “நல்லா நடக்கறீங்க. இன்னும் நாலு நிமிஷம்.”

ரத்தத்தில் இருக்கும் காவல்காரன், வெள்ளணு என்று டாக்டர் இளவழகன் முதல் நாள் திரையில் படம் காட்டினார். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி இது என்றார். உங்கள் நெஞ்சில் பல வருஷமாகத் தீ புகைந்துகொண்டே இருக்கிறது, அணைவதும் இல்லை, எரிவதும் இல்லை, காவல்காரர்கள் அந்தப் புகையிலேயே களைத்துப் போய்விட்டார்கள், புதுக் கிருமி வந்தால் எழுந்து ஓட அவர்களுக்குத் தெம்பில்லை. அளவாகப் பயிற்சி செய்தால் காவல்காரர்கள் சுறுசுறுப்பாவார்களா என்று பார்க்கப் போகிறோம். அதற்கு முதல் வாரம், நாலாம் வாரம், எட்டாம் வாரம் ரத்தம் எடுப்போம். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆறுச்சாமி முழங்கையால் இடித்தான். “ஏனுங்ணா, உள்ளயும் வாட்ச்மேன் தூங்கறானாமா? நம்ம மில்லு ஆளேதானுங்கொ.” சிரித்தவன் இருமினான், இருமலில் சிரிப்பு கெட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தான். நாலாம் வாரம் ரத்தம் பார்த்ததில் அவனுக்குத்தான் எல்லோரையும்விட நல்ல மாற்றம் என்று டாக்டரே சொன்னார். அன்றைக்கு அவனுடைய நடையைப் பார்க்க வேண்டுமே. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கலெக்டர் மாதிரி. “என்ற ரத்தத்துல ஆளு சேருதாமுங்ணா. நம்ம சங்கத்துல நீங்க கத்துகத்துன்னு கத்தியும் இத்தன பேரு சேரலீங்ளே.” பஞ்சு. ஊசி குத்திய இடத்திலும் பஞ்சுதான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. மில் நோட்டீஸ், ரேஷன் கடை அறிவிப்பு, பேரனின் பள்ளிக்கூடச் சீட்டு, எல்லாவற்றையும் நாற்பது வருஷமாகச் சென்னியப்பன்தான் வாசித்துச் சொன்னார். இந்த ஆராய்ச்சிக்கு ஆஸ்பத்திரி கொடுத்த தகவல் தாளையும், மஞ்சள் தாள், இரண்டு பக்கம், பன்னிரண்டு வரி, அவர்தான் வாசித்துச் சொன்னார். பன்னிரண்டும். ஆறாவது வரி உட்பட. இல்லை, ஆறாவது வரியை வாசித்தார், ஆனால். கூம்பு. திரும்பு. திங்கட்கிழமை மூச்சு என்று ஒன்று உண்டு. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை புளோ ரூமுக்குள் கால் வைத்ததும் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்காருவது போல இறுகும், செவ்வாய் கொஞ்சம் தேவலாம், சனிக்கிழமை மறந்துவிடும். முப்பது வருஷம் கழித்துத்தான் எல்லா நாளும் திங்கட்கிழமையாயிற்று. இப்போதும் அதேதான் வருகிறது, விலா எலும்புக்கு நடுவில், மேலேயிருந்து கீழே, ஒரு மூட்டை. இழுத்த மூச்சு பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே விடாமல் உள்ளே இழுக்க முடியாது, முதலில் விடு, விடு. கிளிப் கீச்சென்று ஒரு தரம் சத்தம் போட்டது. எண்பத்தெட்டு. மெர்லின் எட்டிப் பார்த்தாள், சட்டத்துக்கு மீறி ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாப் பண்றீங்க. பாதி முடிச்சிட்டீங்க.” பாதியில் நின்றவர். ஆறுச்சாமி இதே இடத்தில்தான், இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அந்தத் திங்கட்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் தகரக் கூரை, கூரைக்கு அடியில் இவர்கள் இரண்டு பேரும் ஒரு நாயும். ஆறுச்சாமி தலையில் துண்டைச் சுற்றியிருந்தான். கண் சிவந்திருந்தது. துப்பினான், மஞ்சளும் பச்சையுமாக, மழைத்தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் மெர்லின் கேட்டாள் அல்லவா? அன்றைக்கும் கேட்டாள். காய்ச்சல் இருக்கா, சளி நிறம் மாறியிருக்கா. பக்கத்து சைக்கிளில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் காதால் கேட்டார். அவன் “இல்லீங்க அம்மிணி” என்றான். தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? தெர்மாமீட்டர் இருந்ததே, மேஜை மேல், சிவப்புக் கூட்டில். இருந்தது. வைத்துப் பார்த்தாள். வைத்துப் பார்த்தபோது காய்ச்சல் இல்லை, ஏனென்றால் அரைமணி நேரம் முன்னால் பஸ் ஸ்டாப் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை. வாங்கிக் கொடுத்தது. மாத்திரையை வாங்கிக் கொடுத்தது யார் என்பதை விடு. மாத்திரை வேலை செய்யும் என்று படித்தவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பு அவளுடையது. மேற்பார்வை என்று வந்துவிட்டால் பொறுப்பு மேற்பார்வைக்காரருடையது, அதுதான் சங்கத்தின் நிலை, 1971லிருந்து அதுதான் நிலை. ஞானதுரை மகள் மெர்லின் கிருபா. ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்று யாரோடோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர் வாசித்தால் நாளைக்கே முடிந்துவிடும். முடியட்டும். நாற்பத்தோரு பேருக்கு முடிந்ததே. நோட்டீஸ் ஒட்டினார்களே, நெஞ்சு சரியில்லாதவர்கள் லீவு எடுத்துக்கொள்ளலாம், பெயர் நீக்கப்படாது என்று. அன்றைக்கு அந்த நோட்டீஸை ஆறுச்சாமிக்கு வாசித்துச் சொன்னதும் இதே வாய்தான். போய்ப் படுத்துக்கோ ஆறுச்சாமி, எழுத்துல குடுத்துட்டாங்க என்று இதே வாய்தான் சொன்னது. லீவு முடிந்து வந்தவனை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, லிஸ்டில் பெயர் இல்லை என்றான். நீக்கிய நாற்பத்தோரு பேரில் ஐந்தாவது பெயர் அவனுடையது. எட்டு மாதம் அவன் ஈரோட்டில் மூட்டை தூக்கினான், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. அதற்காக ஒரு தடவைகூட இவரைக் குறை சொல்லவில்லை. “உட்றுங்ணா, நீங்க எழுதுனதா?” அவ்வளவுதான். கூம்பு. இது எத்தனையாவது கூம்பு, ஏழா, எட்டா. மயிலாத்தா பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் சின்ன தண்ணீர் பாட்டில், மெர்லின் கொடுத்தது. வாங்கிக்கொண்டிருக்கிறாள். யாருடைய பெயரை வாசிக்கக் கேட்க வந்திருக்கிறாளோ அவள் கையிலிருந்தே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள், தெரியாமல். “நல்லாப் போறீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம்தான்.”

ஆறாவது வரி. மஞ்சள் தாளில் ஆறாவது வரி. காய்ச்சல் இருந்தாலோ சளியின் நிறம் மாறினாலோ பயிற்சிக்கு வர வேண்டாம். கிருமியோடு போராடுகிற உடம்புக்கு அப்போது ஓய்வு தேவை. வராததற்காக உங்கள் பெயர் நீக்கப்படாது. பெயர் நீக்கப்படாது. அதே இரண்டு சொல். எழுத்துக்கூட அதே மாதிரித் தடித்த எழுத்து. டாக்டர் வாயாலும் சொன்னார், காவல்காரர்கள் உள்ளே சண்டையில் இருக்கும்போது அவர்களைச் சைக்கிள் மிதிக்கக் கூப்பிடாதீர்கள் என்று. மழையில் ஆறுச்சாமி கேட்டான், துண்டை இறுக்கிக்கொண்டு, பல் லேசாக அடித்துக்கொள்ள: “ஏனுங்ணா, இன்னிக்கு வேண்டாமாட்ட இருக்குது. அந்தத் தாள்ல என்னமோ போட்டிருந்துச்சுன்னீங்ளே?” அந்த நேரத்தில் பஸ் வந்தது. இல்லை, பஸ் அப்புறம்தான் வந்தது. அவன் கேட்டதற்கும் பஸ் வந்ததற்கும் நடுவில் நேரம் இருந்தது, ஒரு மனிதன் வாயைத் திறந்து ஒரு வரியைச் சொல்லப் போதுமான நேரம், வேறொரு வரியைச் சொல்லவும் போதுமான நேரம். சென்னியப்பனின் வலது கால் தரையில் உரசியது. கண் ஓரத்தில் கறுப்பு. சுவரைப் பிடித்தார். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ளங்கை வைத்து நின்றார். பெஞ்சில் ஒருவர், மதியம் பேட்ச் வீரக்குமார், “அண்ணா, சித்த உக்காருங்,” என்றார். மெர்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டடி வந்தாள். முகத்தில் சட்டத்தில் எழுதாத ஏதோ ஒன்று இருந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினார். பேசக் கூடாது. பேசாமல் இருந்தால் மூச்சு மிஞ்சும். அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால் ஒரு மூச்சு மிஞ்சியிருக்கும். “போட்டிருந்துச்சு,” என்று சொன்னார் அன்றைக்கு, தகரக் கூரையில் மழை அடிக்க, கேட்டில் பேசுகிற குரலில், நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. “போட்டிருந்துச்சுடா. மில்லுலயுந்தான் போட்டிருந்தான். எம்பத்தி மூணு மறந்து போச்சா உனக்கு? வராம இருந்து பாரு, பேர வெட்டிப்போடுவாங்க. ஒரு நாள் ஆப்செண்டு குடுத்தா அவுங்களுக்கு அது போதும். ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு வா. கேட்டாங்கன்னா இல்லைன்னு சொல்லு.” சொல்லிவிட்டு அவரே மருந்துக்கடைக்கு நனைந்துகொண்டு போனார். சரி என்று நினைத்துத்தான் செய்தார். ஒரு தடவை எழுத்தை நம்பி அவனைக் கெடுத்தாயிற்று, இன்னொரு தடவை நம்ப மாட்டேன் என்று செய்தார். யார் அவரை அப்படி ஆக்கியது? நாலாவது. நாலாவது ஆள் சந்தானம். ஆகவே ஏழாவதற்கும் சந்தானம் பெயரையே எழுதலாம். செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது அவருக்கு, எழுதினால் எழுந்து வந்தா கேட்கப் போகிறார்? மெர்லின் வேண்டாம், சந்தானம். நல்லாத்தான் இருக்கிறது. மானேஜ்மெண்ட்காரன் மூளை மாதிரியே வேலை செய்கிறது, சென்னியப்பா, உன் மூளை. பொறுப்பைச் செத்தவன் தலையில் கட்டு. எக்ஸ்ரே இல்லை என்று சொல். கட்டம் இரண்டுதான் என்று சொல். நடந்தார். கை சுவரிலிருந்து வந்துவிட்டது. “இன்னும் ஒரு நிமிஷம்தான்யா.” யா என்பது சட்டத்தில் இல்லை.

ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று நெஞ்சு நோய்க்காரனுக்குத்தான் தெரியும். வார்டில் ஆறுச்சாமியின் கடைசி மூன்று நாள், முகத்தில் மாஸ்க், அதற்குள் வெள்ளையாக ஆவி கட்டும், கலையும், கட்டும். 1971இல் கேட்ட மூக்குத்துணி அவனுக்குக் கடைசியில் கிடைத்துவிட்டது. கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தான். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, “பேர வெட்டலீங்ளே?” என்று கேட்டான். “இல்லடா. இருக்குது,” என்றார். அவனுக்கு அதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் சகிக்க முடியவில்லை, சாவைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். பயிற்சி அவனுக்கு நல்லது செய்தது. எல்லோருக்கும் நல்லது செய்தது. இவருக்குப் போன வருஷம் மழைக்கு மூன்று தடவை காய்ச்சல், இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. உள்ளே காவல்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். நடை தேறியிருக்கிறது, அவருக்கே தெரிகிறது, எட்டு வாரத்துக்கு முன்னால் மூன்றாம் நிமிஷத்திலேயே நாற்காலி கேட்டவர். அவனும் இருந்திருப்பான். இந்நேரம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஜூஸ் எப்ப வருமுங்க என்று மெர்லினைக் கேட்டுக்கொண்டு. ஐந்து நாள் படுத்திருந்தால் போதும். ஐந்தே நாள். அடுத்த கூம்புக்குப் பாதி வழி வருவதற்கு முன்பே, “நில்லுங்க!” என்றாள். நின்றார். அந்த இடத்தில் தரையில் வெள்ளை டேப்பை ஒட்டினாள். நாற்காலி வந்தது. உட்கார்ந்தார். கிளிப் எண்பத்தாறு காட்டி, மெதுவாக எண்பத்தொன்பதுக்கு ஏறியது. “முந்நூத்திப் பன்னெண்டு மீட்டர்யா,” என்றாள் மெர்லின், இப்போது சொந்தக் குரலில். “முதல் வாரம் இருநூத்தி நாப்பது. தெரியுமா? பேட்ச்லயே ரெண்டாவது.” புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். “காய்ச்சல் ஒண்ணும் இல்லியே? இப்பல்லாம் நான் கேக்கறதோட விடறதில்ல. தொட்டும் பாத்துடறேன்.” சில்லென்ற கை. ஒரு கணம்தான் வைத்திருந்தாள். ஆறுச்சாமி செத்த அன்றைக்கு ஸ்டோர் ரூமில், மணல் பை அடுக்கிய இடத்தில், இவள் நின்று அழுததைச் சென்னியப்பன் பார்த்திருந்தார். நல்லது, தப்பு செய்தவள் அழுகிறாள் என்று அன்றைக்குக் கணக்காக நினைத்துக்கொண்டார். இவளும் இரண்டு வாரமாக அந்தத் திங்கட்கிழமையைத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கிறாள், கூம்புக்குக் கூம்பு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல்.

டாக்டர் இளவழகன் வந்தார். பின்னால் ஒரு ஊழியர் ஜூஸ் பாக்கெட் டிரேயோடு வந்தார். டாக்டர் புள்ளிவிவரம் சொன்னார், பதினாறு பேர் சேர்ந்தார்கள், பதினைந்து பேர் முடித்தார்கள், ஒருவர் பாதியில் நின்றுவிட்டார் என்றார். மயிலாத்தா தலை நிமிர்ந்தாள். சென்னியப்பன் எழுந்து நின்றார். “டாக்டர், ரெண்டு நிமிஷம் எனக்குக் குடுக்கோணும்.” “சொல்லுங்க ஐயா, ஆனா உக்காந்து சொல்லுங்க.” “இத உக்காந்து சொல்ற வழக்கமில்லீங்.” பெஞ்சைப் பார்த்தார். “காலை பேட்சுல ஒரு ஆளு, மதியம் பேட்சுல ஒரு ஆளு, எந்திரிச்சு வாங்க. சாட்சிக்கு.” மில்லில் வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு உடனே புரிந்தது, முகம் மாறியது. காலை பேட்சிலிருந்து பூவாத்தாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றாள், மதியம் பேட்சிலிருந்து வீரக்குமார் வலது பக்கம். மயிலாத்தா எழுந்து பக்கத்தில் வந்தாள். “ஏனுங்ணா,” என்று மெதுவாகக் கேட்டாள், கண்ணால் மெர்லினைக் காட்டி, “இந்தப் புள்ளதானுங்களா?” அவர் தாளைப் பிரித்தார். கேட்டுக் குரல் வரவில்லை, நடந்த நெஞ்சில் அதற்குக் காற்று இல்லை. இருந்த குரலில் வாசித்தார். முதலாவது, வெல்லம், நரசிம்மலு. மூச்சு. இரண்டாவது, விசிறி, துரைராஜ். மூச்சு. மூன்றாவது, பீடி. நாலாவது, நோட்டீஸ், நாற்பத்தோரு பெயர், சந்தானம். அங்கே கொஞ்சம் நின்றார், அந்தப் பெயரிலேயே முடித்துவிடலாம் போல நாக்கு அதில் ஒட்டிக்கொண்டது, பிடுங்கிக்கொண்டு ஐந்தாவதற்குப் போனார். எக்ஸ்ரே. ஆறாவது, போர்டு. வரிசை தப்பவில்லை. மெர்லின் சுவரோரமாக, கெடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைத்தான் சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. “ஏழாவது,” என்றார். “இந்த வருசம், ஐப்பசி. ஆறுச்சாமி பாதில நிக்கல. பஸ் ஸ்டாப்புல வெச்சு, காச்சல்காரன்கிட்ட, தாள்ல போட்டிருந்தத நம்பாதேன்னு சொல்லி, மாத்திரை வாங்கிக் குடுத்து, கேட்டா இல்லைன்னு சொல்லச் சொல்லி, பயிற்சிக்குக் கூட்டியாந்தது.” மயிலாத்தாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை, பார்த்தால் மூச்சு போய்விடும், பெயருக்கு மூச்சு வேண்டும். உதட்டைக் குவித்து மெதுவாக விட்டார், மூக்கால் இழுத்தார், சாட்சிக்கு நின்ற இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்தார், வெறும் கோடாகக் கிடந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வாசித்தார்: “பெரியண்ணன் மகன். புளோ ரூம். சென்னியப்பன்.”